கடல் பக்கம் உங்களுக்கு

என் வலப்பக்கம் நடந்தவருக்கு,

என்னங்க, கேட்கிறதா? இடது காதுப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வலது காதை மாவு மில் மிஷின் சத்தம் தின்றுவிட்டது எனக்கு மறக்குமா?

இது பத்திரிகையில் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நாலு பேர் படிப்பார்கள். "வீட்டு விஷயத்த மைக்கு வெச்சு சொல்லணுமா டீச்சர்?" என்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிகிறது. என்ன செய்வது? ஆயுசில் பாதியைக் கரும்பலகை முன் நின்று கழித்தவள் நான். வீட்டுக்கு வந்தால் காது மந்தமான ஒரு மனிதர். மெதுவாகப் பேச எனக்கு எங்கே பழக்கம்?

வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில் இருந்து எழுதுகிறேன். ஐப்பசி மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. எதிர் மனையில் இரண்டு மாடி எழுப்பிவிட்டார்கள், அண்ணாமலையின் ஒரு தோள் மறைந்துபோயிற்று. உச்சி மட்டும் தெரிகிறது. தீபம் தெரியும், கவலைப்படாதீர்கள். நீங்கள் நட்ட முருங்கை இந்தக் காற்றில் ஒரு கிளை ஒடிந்து, மறு பக்கம் துளிர்த்திருக்கிறது.

உங்களிடம் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. நீங்கள் போனதிலிருந்து நம் பெண் மேகலா என்னைப் புதுச்சேரிக்கு வந்து அவளோடு இருக்கச் சொல்கிறாள். நான் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கணக்கில் 'வரையறுக்கப்படவில்லை' என்று ஒரு விடை உண்டே, அப்படி வைத்திருந்தேன். போன மாதம்தான் அவளுக்குப் பதில் சொன்னேன். என்ன பதில் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் பீச் ரோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பீச் ரோடு ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு?

மேகலாவுக்கு அந்த ஊரில் வேலை கிடைத்து, நாம் அவளைக் குடிவைக்கப் போனோமே, அந்தச் சாயங்காலம். கல்யாணம் முறிந்து அவள் நம் வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம் அது. ஏன், எதற்கு என்று நீங்கள் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உறவுக்காரர்கள் வந்து கேட்டபோதெல்லாம் அவர்களுக்கு வலது காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அந்தக் காது அவ்வளவு உதவியாக இருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

சாமான்களை இறக்கி வைத்துவிட்டுக் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். அவள்தான் சொன்னாள். "ரெண்டு பேரும் பீச் ரோட்ல ஒரு வாக்கிங் போய்ட்டு வாங்களேன். சாயங்காலம் ஆனா வண்டியே உட மாட்டாங்க. ஊரே நடக்கும்."

"ஊரே நடக்குமா? இன்னிக்கு பௌர்ணமியா இன்னா?" என்றீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு நடப்பது என்றால் ஒரே ஒரு நடைதான் தெரியும். வெறுங்காலோடு கிளம்ப வேண்டும். மலை வலப்பக்கம் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே திசையில் போக வேண்டும், பாதியில் திரும்பக் கூடாது. போய்க்கொண்டே இருந்தால் புறப்பட்ட இடம் தானாக வந்துவிடும். சாலையின் மலைப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடப்பதாகச் சொல்லி இடப்பக்கமாக ஒதுங்கி நடப்போம். அந்த வரிசையில் நீங்கள் எனக்கு வலப்பக்கம். அப்போதுதான் உங்கள் கேட்கிற காது என் பக்கம் இருக்கும். "இந்தக் காது ஒனக்கு, அந்தக் காது மலைக்கு. அது பேசறதுக்கு இது போதும்" என்பீர்கள்.

அந்தச் சாயங்காலம் தென்முனையில் ஒரு சிமெண்ட் பெஞ்சைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி அதன் அடியில் தள்ளினீர்கள். என்னையும் கழற்றச் சொன்னீர்கள். சாலையை ஒட்டிக் கறுப்புப் பாறைகள், அதன் மேல் அலை மோதித் தெறிக்கிற தண்ணீர், குளிர்ந்த காற்று. கையில் ஐஸ்கிரீம் வைத்துக்கொண்டு, ஷூ போட்டுக்கொண்டு, நாய் பிடித்துக்கொண்டு எத்தனையோ விதமான மனிதர்கள். நீங்கள் எதையும் பார்க்கவில்லை. கடல் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்தீர்கள்.

"வலப்பக்கம்தான் இருக்குது. சரி, கௌம்பு."

வடமுனை வந்தது. அங்கே வந்தவர்கள் எல்லோரும் சாதாரணமாகத் திரும்பி, வந்த வழியே நடந்தார்கள். நீங்கள் நின்றுவிட்டீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஓர் அதிர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்னா டீச்சர், எல்லாரும் பாதியில திரும்பறாங்க?"

"பாதி இல்லைங்க. இதுதான் முடிவு. நம்ம ஊர் ரோடு வட்டம், அதுக்கு முனையே கிடையாது. இது கோட்டுத்துண்டு, ரெண்டு முனை இருக்கு. முனைக்கு வந்தா திரும்பணும்."

"திரும்பிட்டா நடந்ததெல்லாம் வீணாப் போயிடாதா?"

என் பாடத்தில் நம்பிக்கை இல்லாமல், சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு நின்ற போலீஸ்காரரிடம் போனீர்கள்.

"சார், இந்த ரோடு சுத்திக்கினு அங்கயே வந்துடுமா?"

"எங்க?"

"நாங்க கௌம்புன எடத்துக்கு."

"கௌம்புன எடத்துக்குப் போறதுன்னா திரும்பி நடங்க சார்."

"திரும்பாம?"

அவர் உங்கள் வெறுங்காலைப் பார்த்தார். என் காலையும் பார்த்தார். "எந்த ஊரு?"

"திருவண்ணாமலை."

"அதானே!" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இது கடலு சார். இத சுத்த முடியாது."

சுத்த முடியாது என்று ஒருவர் சொன்னால் நீங்கள் விடுவீர்களா? "சுத்தணும்னா எப்டி டீச்சர் போவணும்?" என்று என்னைக் கேட்டீர்கள். நான் காற்றில் விரலால் வங்காள விரிகுடாவை வரைந்து காட்டினேன். கடல் வலப்பக்கம் இருக்க வேண்டுமானால் இப்படியே ஆந்திரா, ஒரிசா, கல்கத்தா, பிறகு பர்மா வழியாக இறங்கி மலேயா.

"அப்புறம்?"

"அப்புறம் தண்ணி."

"ஜாஸ்தி தூரம்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இடது பக்கத் தெருவுக்குள் நுழைந்தீர்கள். எப்படியாவது வளைந்து வந்துதானே ஆக வேண்டும் என்பது உங்கள் கணக்கு. ஒரே மாதிரி மஞ்சள் சுவர்கள், ஒரே மாதிரி நேர்த் தெருக்கள். ஒரே பக்கமாக நான்கு திருப்பம் போட்டால் பழைய இடம் வரும் என்று பாடம் நடத்துகிற நானே குழம்பிப்போனேன். கடைசியில் ஆட்டோ பிடித்துத்தான் அந்த பெஞ்சுக்கு வந்தோம். வெறுங்காலோடு ஆட்டோவில் இருந்து இறங்கியவர்களைப் பார்த்து, ஆட்டோக்காரர் கோயிலுக்கு வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பெஞ்சின் அடியில் ஒரு நாய் உங்கள் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் விரட்டக் கை ஓங்கினேன். நீங்கள் தடுத்தீர்கள். "தூங்கட்டும் உடு. நமக்கின்னா, பஸ்ஸா போவுது?"

அது எழுந்திருக்கும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நம் வாழ்க்கையில் ஒன்றும் செய்யாமல் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். அப்போது சொன்னீர்கள். "அடுத்த தடவ வந்தா திரும்பி நடந்து பாத்துடணும் டீச்சர். எதிர்ல வர்றவங்க மூஞ்சியெல்லாம் பாக்கலாம். நம்ம ஊர்ல முதுகத்தான பாத்துக்கினே போறோம்."

அடுத்த தடவை ஏன் வரவே இல்லை? அப்படி என்ன வேலை இருந்தது நமக்கு? பஸ் ஏறினால் செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரி. மில்லுக்கு ஒரு நாள் லீவு விட்டால் அரைக்க வந்தவர்கள் திட்டுவார்கள் என்றீர்கள். நான் திருத்த வேண்டிய விடைத்தாள் என்றேன். பிறகு உங்கள் முட்டி வலி, பிறகு நெஞ்சு. ஒவ்வொரு வருஷமும் வெயில் போகட்டும், மழை போகட்டும் என்று சொல்லிச் சொல்லி நாம் இரண்டு பேரும் சேர்ந்தே அந்தக் கடலைத் தள்ளி வைத்தோம்.

கிரிவலத்தை மட்டும் விடவில்லை. கடைசி வருஷங்களில் நீங்கள் பின்தங்க ஆரம்பித்தீர்கள். நான் நடையைக் குறைத்தால் கோபம் வரும். "நீ போய்க்கினே இரு. நான் வந்துடறேன்." பின்னால் வரும் கூட்டமும் நிற்க விடாது. திரும்பிப் பார்க்காமல் நடந்து, குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் சுக்குக் காபி விற்கிற ராணியம்மா கடையில் நின்றுகொள்வேன். காபி பாதி குடித்திருப்பேன், என் வலது தோளில் ஒரு தட்டு விழும். "இன்னா டீச்சர், எனக்கு மிச்சம் வெச்சிருக்கியா?"

அந்தத் தட்டு விழாமல் போன மாதம் ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் நான் திரும்பிப் பார்க்கவே பழகவில்லை. நீங்கள் பின்னால் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கு, மலை இருக்கிறது என்பது மாதிரி.

பிறகு அந்தக் காலை. காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தீர்கள். குளிக்க வெந்நீர் போடச் சொன்னீர்கள். வெந்நீர் கொதித்தபோது நீங்கள் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு பௌர்ணமியில் தனியாகக் கிளம்பினேன். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். பழக்கத்தில் இடப்பக்கமாகவே நடந்தேன், எனக்கு வலப்பக்கம் ஓர் ஆள் அகலம் விட்டு. ராணியம்மா கடையில் நின்றேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "சார் பின்னாடி வராரா டீச்சர்?"

"வராரு" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து அதுதான் வந்தது. வந்ததும் மனசு லேசாக இருந்தது. அடுத்த மாதமும் அவர் கேட்டார், நானும் அதையே சொன்னேன். மேகலா புதுச்சேரிக்குக் கூப்பிடும்போதெல்லாம் நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரிகிறதா? நீங்கள் பின்னால் நடந்து வந்துகொண்டிருக்கிற ஊரை விட்டு நான் எப்படிப் போவது?

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் என்று போனேன். காய்ச்சல் விட்ட பிறகும் என்னை அனுப்பவில்லை. நாள் முழுக்க நான் வீட்டில் அடைந்து கிடக்கக் கூடாது என்று, காலையில் போகும்போதே கட்டளை. சாயங்காலமானால் பீச் ரோடு. "செருப்பு போட்டுக்கினுதான் நடக்கணும். அப்பா மாதிரி பெஞ்சுக்கு அடியில உட்டுட்டு வந்தே, அவ்ளோதான்."

முதல் நாள் தென்முனையில் ஆரம்பித்தேன். அந்த பெஞ்சை இப்போது மாற்றியிருக்கிறார்கள், வேறு நிறம். கடல் வலப்பக்கம். எனக்கும் கடலுக்கும் நடுவே உங்களுக்கு இடம் விட்டு நடந்தேன். வேக நடைக்காரர்கள் அந்த இடைவெளியில் புகுந்து போகும்போது எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாக்கள், கை கோத்துக்கொண்டு புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், மூன்று பேராக வந்து அரசியல் பேசுகிற பென்ஷன்காரர்கள். எதிர்ப்பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். நீங்கள் சொன்ன மாதிரியே எத்தனை முகங்கள்.

வடமுனை வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். என்னால் முடியவில்லை.

முட்டி வலி இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. நான் நேராகப் பார்த்துக்கொண்டு நடக்கும் வரை நீங்கள் பின்னால் வந்துகொண்டிருக்கிறீர்கள். திரும்பினால் அந்தச் சாலை முழுவதும் எனக்குத் தெரிந்துவிடும். வருகிறவர்கள் எல்லோருடைய முகமும் தெரிந்துவிடும். அதில் உங்கள் முகம் இல்லாமல் போனால்?

மதில் மேல் உட்கார்ந்து மேகலாவுக்கு போன் செய்தேன். ஸ்கூட்டரில் பக்கத்துத் தெரு வழியாக வந்து ஏற்றிக்கொண்டு போனாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. தென்முனையில் இறக்கிவிடுவது, வடமுனையில் ஏற்றிக்கொள்வது என்று ஆகிவிட்டது.

"அம்மா, ஒலகத்துலயே ஒன்வேயில வாக்கிங் போற ஒரே ஆளு நீதான். டவுன் பஸ்ஸு கூட திரும்பி வரும்."

"கால் வலிக்குதுடி."

"போறப்ப வலிக்காத காலு வர்றப்ப மட்டும் எப்டிம்மா வலிக்கும்? கணக்கு டீச்சர் நீ, நீயே சொல்லு."

நான் கடலைப் பார்த்துக்கொண்டேன். உங்கள் வலது காது எனக்கு இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

பிறகு ஒரு நாள். வடமுனை மதிலில் உட்கார்ந்து போன் செய்தால், "வண்டி பஞ்சரும்மா. மெக்கானிக்கு கடையில கெடக்குது. நீ திரும்பி நடந்து வா, நான் அந்தப் பக்கத்துலருந்து எதிர்ல நடந்து வரேன்" என்றாள்.

"ஆட்டோல வந்துடறேன்."

"வேணாம்மா, நட. காத்து நல்லா இருக்குது. நடுவுல பாத்துக்கலாம்."

வைத்துவிட்டாள். எத்தனை பிள்ளைகளிடம் நான் சொல்லியிருப்பேன், கணக்கு கஷ்டமாக இருந்தால் பேனாவை எடுத்து முதல் வரியை எழுது, மற்றது தானாக வரும் என்று. எனக்கு அந்த முதல் வரி வரவில்லை. அலை பாறையில் மோதி மோதி என் புடவை ஓரம் நனைந்தது. விளக்குகள் எரிய ஆரம்பித்தன. மேகலா நடந்து வந்துகொண்டிருப்பாள், நான் இங்கேயே உட்கார்ந்திருந்தால் பயந்துபோவாள். எழுந்தேன். திரும்பினேன்.

என்னங்க, நீங்கள் இல்லை.

அந்தச் சாலை அவ்வளவு நேராக, அவ்வளவு வெளிச்சமாக இருந்தது. மறைந்துகொள்ள ஒரு வளைவுகூட இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். வெட்கமில்லாமல் பார்த்தேன். சிலர் தெரிந்தவர்களோ என்று நினைத்துச் சிரித்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எத்தனை பேர், உங்கள் உயரத்தில் எத்தனை பேர். ஒருவரும் நீங்கள் இல்லை. கிரிவலப் பாதையிலும் இல்லை, குபேர லிங்கத்திலும் இல்லை, இத்தனை மாதமாக நான் வராரு வராரு என்று சொன்ன எந்த இடத்திலும் இல்லை. நட்ட நடு ரோட்டில் நின்றுவிட்டேன். எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தூரத்தில், கூட்டத்துக்கு நடுவே, ஒரு நடை தெரிந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ ரகசியம் கேட்கிற மாதிரி இடது காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டித் தலையைச் சாய்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஒரு நடை.

மேகலா.

அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். சின்ன வயசில் மில்லில் உங்கள் காலைக் கட்டிக்கொண்டே வளர்ந்தவள், நீங்கள் தலையைச் சாய்த்தால் தானும் சாய்ப்பாள். அது அப்படியே நின்றுபோயிருக்கிறது. இத்தனை வருஷமாக என் பக்கத்தில் நடந்த பெண்ணை நான் எதிரிலிருந்து பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நம் ஊரில் எங்கே பார்ப்பது? முதுகைத்தானே பார்த்துக்கொண்டு போகிறோம்.

கிட்டே வந்தாள். "இன்னாம்மா, நடு ரோட்ல செலை மாதிரி நின்னுட்ட? அழுவுறியா?"

"காத்துடி. கண்ணுல மண்ணு விழுந்துடுச்சு."

"இங்க ஏதும்மா மண்ணு? எல்லாம் பாறை."

அதற்குள் அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. அவளிடம் சொன்னேன். ஏன் திரும்ப முடியவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். ராணியம்மாவிடம் வராரு என்று சொன்னதையும் சொன்னேன். சிரிப்பாளோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூட்டிப்போய் மதிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒனக்காகத்தான் இங்க வந்து இருன்னு சொல்றேன்னு நெனச்சியாம்மா?" என்றாள். "ஒன்ன பாத்துக்க ஆளு இல்லன்னா? வேங்கிக்கால்ல ஒன்ன பாத்துக்க தெருவே இருக்குது. எனக்குத்தாம்மா யாரும் இல்ல. தெனம் இந்த ரோட்ல ஊரே ஜோடி ஜோடியா நடக்கும், நான் காதுல ஒயர மாட்டிக்கினு பாட்டு கேக்கற மாதிரி போவேன். பாட்டே ஓடாது."

அவளை நாம் கரையேற்றிவிட்டோம் என்றுதானே நினைத்திருந்தோம்? வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, தைரியசாலி என்று. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வகுப்பில் கை தூக்காத பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று புது டீச்சர்கள் நினைப்பார்கள். கை தூக்கக் கூச்சப்படுகிறாள் என்று கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். அவ்வளவு அனுபவம் இருந்தும் என் பெண் கை தூக்காமல் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

"சரி, வரேன்" என்றேன். அவளுக்கு நான் சொன்ன பதில் அதுதான்.

அவள் உடனே நம்பவில்லை. "எப்ப?"

"தீபம் முடிஞ்சு."

"அப்புறம் பொங்கல் முடிஞ்சுன்னு சொல்வியா?"

"சொல்ல மாட்டேன்."

பிறகு இரண்டு பேரும் தென்முனை வரை நடந்தோம். நீங்கள் ஆசைப்பட்ட அந்தத் திரும்பும் நடை. நடந்தது வீணாகப் போகவில்லை, அதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். வந்த வழிதான், ஆனால் வேறு சாலை மாதிரி இருந்தது. போகும்போது பார்க்காத ஒரு பழைய சன்னல், அதன் கீழே சரிந்து பூத்திருந்த காகிதப்பூக் கொடி, முகத்தில் நேராக அடிக்கிற காற்று. எனக்கு ஒவ்வொன்றையும் உங்களிடம் காட்ட வேண்டும் போல இருந்தது. காட்டுவதற்கு வலப்பக்கம் திரும்பினேன், அங்கே கட்டடங்கள். கடல் இடப்பக்கம் மாறிவிட்டிருந்தது. நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை.

இந்த மாதப் பௌர்ணமிக்கு மேகலா லீவு போட்டுவிட்டு வந்தாள். மழைக்குப் பயந்து மத்தியானமே கிளம்பினோம். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் குடையோடு எதிரில் வந்தார்கள், அவர்களுக்குத் திசை ஒரு பொருட்டே இல்லை. "பாரும்மா, இவங்களுக்கு திரும்பி நடக்க தெரியுது" என்று என்னை இடித்தாள். உங்களை மாதிரியே நேரம் காலம் பார்க்காத கிண்டல்.

ராணியம்மா கடையில் நின்றோம். அவர் காபியை ஆற்றிக்கொண்டு, வழக்கம் போலத் தலை நிமிராமல் கேட்டார். "சார் பின்னாடி வராரா டீச்சர்?"

மேகலா என் கையைப் பிடித்தாள்.

"அவர் இல்லம்மா" என்றேன். "போயிட்டாரு. வருஷம் ஆவப் போவுது."

ராணியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியும் டீச்சர். மொத மாசமே தெரியும். தனியா வந்து நின்னப்பவே நெத்தியப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா கேட்ட?"

"கேட்டா ஒங்க மூஞ்சி மலர்ந்துச்சி. அதான் கேட்டேன். இன்னிக்கு சொல்லிட்டீங்க இல்ல? இனிமே கேக்க மாட்டேன்."

காபியை வாங்கிக் குடித்தேன். சுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. பாதி குடித்ததும் பழக்கத்தில் கை நின்றுவிட்டது. மேகலா என்னைப் பார்த்தாள், பிறகு டம்ளரை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தைக் குடித்தாள்.

வீட்டை விற்கவில்லை. கலெக்டர் ஆபீசில் வேலைக்கு வந்திருக்கிற ஒரு பெண், இரண்டு குழந்தைகளோடு கீழ் வீட்டுக்கு வருகிறாள். மாடி அறையைப் பௌர்ணமிக்கு என்று நமக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். முருங்கையை வெட்டக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். உங்கள் சட்டைகளில் நீலக் கட்டம் போட்டதை மட்டும் எடுத்துப் போகிறேன். மேகலா அதைத் தனக்குக் கேட்டாள், முறை போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

நம் கல்யாணமான புதுசில், முதல் கிரிவலத்தில், நீங்கள் என்னைக் கேலி செய்தது நினைவிருக்கிறதா? "எடப்பாகம் வாங்கறதுக்கு அம்மனே இங்க வந்து தவம் பண்ணா. ஒனக்கு ஒரு பௌர்ணமி நடந்ததும் கெடச்சிடுச்சி பாரு." அன்றைக்குப் பிடித்த இடப்பக்கம். அதை விட்டு எப்படி நகர்வது என்பதுதான் இப்போது எனக்கிருக்கும் சங்கடம்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சொல்கிறேன், கேளுங்கள். தினமும் சாயங்காலம் அந்தச் சாலையில் நடப்பேன். முனை வரை போவேன், முனை வந்தால் திரும்புவேன், திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன். போகும்போதும் வரும்போதும் கடல் பக்கம் உங்களுக்கு. அதில் யாரையும் நடக்க விட மாட்டேன், மேகலாவை மறுபக்கம் போட்டுக்கொள்கிறேன். திரும்பி வரும்போது நான் உங்களுக்கு வலப்பக்கம் வந்துவிடுவேன், தெரியும். கேட்காத காதுப் பக்கம். பரவாயில்லை, அந்தப் பாதி வழிக்கு மட்டும் கொஞ்சம் உரக்கப் பேசுகிறேன். ஊர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

என்றும் உங்கள் இடப்பக்கத்துக்காரி,
மேகலாவின் அம்மா